நெத்திலியின் நிறமும் 108 மெகாபிக்சலும்: போன் வாங்குமுன் எதை எதோடு ஒப்பிடுவது?

தங்கச்சிமடத்தில் அக்கா வீட்டு வாசலில் நெத்திலி காயும். காலை பத்து மணிக்கு வெயில் ஏறிவிட்டால் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும். அந்த நேரத்தில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் மதுரை, பரமக்குடி என்று ஆர்டர் வரும். மாசி மாதத்தில் ஒருநாள் அவசரத்துக்கு வீட்டுக்குள்ளேயே டியூப் லைட்டில் படம் எடுத்துப் போட்டிருக்கிறாள். "என்னக்கா, மஞ்சளா இருக்கே, பழைய சரக்கா?" என்று மதுரையிலிருந்து ஒருவர் கேட்டு அனுப்பிய செய்தியை என்னிடம் காட்டினாள். சரக்கு இரண்டு நாளுக்கு முன் காய்ந்தது. ஆனால் நாள்பட்ட கருவாடு மஞ்சளடிக்கும் என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியும். அவர்கள் கண்ணால் பார்ப்பது அந்தப் படத்தை மட்டும்தான்.

"தம்பி, இந்த போனோட பட்டது போதும்டா. 15,000 ரூபாய்க்குள்ள நல்லதா ஒண்ணு பாத்துச் சொல்லு" என்றாள்.

ராமநாதபுரத்தில் ஒரு கடையில் இரண்டு போன்களை எடுத்து வைத்தார்கள். விலை கிட்டத்தட்ட ஒன்று. ஒன்றின் அட்டைப் பெட்டியில் 108 மெகாபிக்சல் என்று பெரிதாகப் போட்டிருந்தது, மற்றதில் 50. "108தான் மேடம் பெருசு" என்றார் கடைத் தம்பி. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். போன் வாங்கப் போகும் யாருக்கும் இது உதவும்.

முதலில் ஒன்று. பெட்டியில் இருக்கும் எண்கள் உள்ளே என்ன சாமான் இருக்கிறது என்று சொல்லும். அது உங்கள் வேலையை எப்படிச் செய்யும் என்று சொல்லாது. இரண்டு போன்களை ஒப்பிட வேண்டுமானால் ஒரே பொருளை, ஒரே வெளிச்சத்தில், ஒரே நேரத்தில் இரண்டிலும் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், இப்போது கையில் இருக்கும் போன் எந்த இடத்தில் காலை வாருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அக்காவுக்கு அது தெரிந்திருந்தது: நிழலில் எடுத்தால் நிறம் மாறுகிறது, மதியத்துக்குள் சார்ஜ் தீர்கிறது, மீன் ஏலத்தில் நிற்கும்போது பணம் அனுப்பும் ஆப் திறக்க நேரமாகிறது. இப்படிச் சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

கேமராவிலிருந்து தொடங்குவோம். கேமராவின் அடிப்படை வேலை வெளிச்சத்தைப் பிடிப்பது. லென்ஸுக்குப் பின்னால் சென்சார் என்று ஒரு சிறு தகடு இருக்கிறது. வெளிச்சம் அதன்மேல் விழ, அது பல லட்சம் கட்டங்களாகப் பிரிந்து ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று அளக்கிறது. பத்து லட்சம் கட்டம் ஒரு மெகாபிக்சல்.

"அக்கா, காயப்போட ஒரு பாய் விரிச்சா அதுல எவ்வளவு வெயில் விழும்?"

"பாயோட அளவுக்குத்தான் விழும்."

"அதே பாயில கோடு போட்டு 50 கட்டத்த 108 கட்டமாக்கினா?"

"வெயில் கூடவா போகுது?"

அவ்வளவுதான் விஷயம். பாயின் அளவு சென்சாரின் அளவு. கட்டத்தின் எண்ணிக்கை மெகாபிக்சல். பாய் அப்படியே இருக்கக் கட்டத்தை மட்டும் கூட்டினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறையும், இருட்டில் படம் மணல் தூவியது மாதிரி புள்ளிபுள்ளியாக வரும். இதைச் சரிசெய்ய போன் தானாகவே பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்கிக்கொள்கிறது. 50 மெகாபிக்சல் கேமரா நான்கு கட்டங்களை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படம் தரும். 108 மெகாபிக்சல் கேமரா ஒன்பதை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படம் தரும். சாதாரணமாக எடுக்கும்போது இரண்டிலிருந்தும் நம் கைக்கு வருவது ஏறக்குறைய ஒரே அளவுப் படம்தான்.

அதனால் சென்சாரின் அளவைப் பாருங்கள். இணையத்தில் அந்த போனின் முழு விவரப் பட்டியலில் 1/1.56 அங்குலம், 1/2.76 அங்குலம் என்று போட்டிருக்கும். கீழே இருக்கும் எண் சிறிதாக இருந்தால் பாய் பெரிது. இந்த இரண்டு அளவிலுமே 50 மெகாபிக்சல் சென்சார்கள் விற்பனையில் உண்டு. முதலாவது இரண்டாவதைவிடப் பரப்பில் ஏறத்தாழ மூன்று மடங்கு. பெட்டியில் மட்டும் இரண்டுக்கும் ஒரே 50 என்றுதான் இருக்கும்.

அடுத்து லென்ஸின் துவாரம். எஃப் 1.8, எஃப் 2.2 என்று போடுவார்கள். இங்கேயும் எண் சிறிதாக இருந்தால் துவாரம் பெரிது. எஃப் 1.8 உள்ளே விடும் வெளிச்சம் எஃப் 2.2 விடுவதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

இதைப் படித்துவிட்டு 108 என்றாலே ஏமாற்று என்று நினைத்துவிடக் கூடாது. கடையில் நாங்கள் பார்த்த இரண்டில் 108 மெகாபிக்சல் போனுக்குத்தான் பாய் பெரிது, 1/1.67 அங்குலம். 50 மெகாபிக்சல் போனுக்கு 1/1.95. ஆனால் இரண்டாவதில் ஓஐஎஸ் இருந்தது. கை நடுங்கும்போது லென்ஸ் அதற்கு எதிர்ப்பக்கமாக அசைந்து நடுக்கத்தை ஈடுகட்டும் ஏற்பாடு அது. வெளிச்சம் குறைந்த இடத்தில் கேமரா தன் கண்ணைக் கூடுதல் நேரம் திறந்து வைத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் கை அசைந்தால் படம் கலங்கும். ஓஐஎஸ் அதைத் தடுக்கும். எதிரே துள்ளும் மீனையோ ஓடும் குழந்தையையோ அது நிறுத்திப் பிடிக்காது. படகு ஆடும் ஆட்டத்துக்கும் அது போதாது.

சரி, இப்படி ஒன்றுக்கு ஒன்று சமமாக வந்தால் என்ன செய்வது? எடுத்துப் பார்ப்பதுதான் வழி. அக்கா பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு. எனக்கே அவள் கொண்டுவந்தது தெரியாது. கடை மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் நெத்திலியைப் பரப்பி, டியூப் லைட்டுக்குக் கீழே இரண்டு போனிலும் எடுத்தோம். லென்ஸை முதலில் துணியால் துடைத்தோம். கடையில் இருக்கும் போன்களில் பத்துப் பேர் விரல் பட்டிருக்கும், அந்தப் பிசுக்கே படத்தை மங்கடித்துவிடும்.

108 மெகாபிக்சல் போனின் திரையில் படம் பளிச்சென்று இருந்தது. "இதுதான் நல்லாருக்கு" என்றாள் அக்கா. இரண்டு படங்களையும் என் போனுக்கு அனுப்பி, ஒரே திரையில் அடுத்தடுத்துப் பார்த்தபோது கதை மாறியது. நெத்திலியின் பக்கவாட்டில் ஒரு வெள்ளிக் கோடு ஓடும். அதைப் பெரிதாக்கிப் பார்த்தோம். 108 எடுத்த படத்தில் அந்தக் கோடும் உடம்பும் ஒன்றாகக் கலந்து சுண்ணாம்பு பூசியது மாதிரி வெளுத்திருந்தது. 50 எடுத்ததில் கோடு தனியாகத் தெரிந்தது, அடியில் விரித்த தாளும் வெள்ளையாகவே இருந்தது. முதல் படம் பளிச்சென்று தோன்றியதற்குக் காரணம் அந்த போனின் திரை.

இதை எல்லோரும் நினைவில் வையுங்கள். இரண்டு போன்களின் படங்களை அந்தந்த போனின் திரையில் பார்த்து முடிவு செய்தால் நீங்கள் ஒப்பிடுவது திரையை. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், படம் சுருங்காமல் போகும். அப்புறம், தாள் வெள்ளையாக வந்ததா என்று பார்த்ததற்கும் காரணம் உண்டு. விளக்கின் நிறத்தைக் கணக்கில் எடுத்து வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவது போனுக்குள் ஓடும் மென்பொருளின் வேலை. அது எந்த விவரப் பட்டியலிலும் எண்ணாக வராது. துணி விற்பவர், மீன் விற்பவர், பூ விற்பவர் யாராக இருந்தாலும் இந்த வெள்ளைத் தாள் சோதனையைச் செய்யாமல் வாங்காதீர்கள்.

கடையை விட்டு வாசலுக்கு வந்து இன்னொரு படம் எடுத்தோம், வெயிலுக்கு முதுகு காட்டி அக்கா நிற்க. பின்னால் வானம் வெளுத்துப் போகாமலும் முகம் கறுத்துப் போகாமலும் வருகிறதா என்று பார்ப்பதற்காக. கடற்கரையில் மணலும் தண்ணீரும் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் நம் பக்கத்தில் இது முக்கியமான சோதனை. இதில் இரண்டுமே தேறின.

மீதிக் கேமராக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின்பக்கம் மூன்று கண் இருந்தால் மூன்றும் வேலைக்கு ஆகும் என்று இல்லை. இந்த விலையில் மிகக் கிட்டத்தில் எடுக்க 2 மெகாபிக்சல் மேக்ரோ, பின்னணியை மங்கலாக்க 2 மெகாபிக்சல் டெப்த் என்று இருப்பவை எண்ணிக்கைக்குத்தான். ஜூமும் அப்படியே. பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று பக்கத்திலிருக்கும் புது ரயில் பாலத்தை எடுக்காதவர்கள் குறைவு. 2025 ஏப்ரலில் திறந்த அந்தப் பாலத்தின் நடுவில் 72.5 மீட்டர் நீளத்துக்குத் தூக்கும் பகுதி இருக்கிறது, அது அப்படியே செங்குத்தாக மேலே போகும். அதை 10 மடங்கு ஜூம் வைத்து எடுக்கிறார்கள். தனி ஜூம் லென்ஸ் இல்லாத போனில் அது படத்தின் நடுத் துண்டை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவதுதான். பிறகு பார்த்தால் கம்பி எது, நிழல் எது என்று தெரியாது.

இனி வேகம். இதற்கு நான் அக்காவுக்கு மீன் கடையைத்தான் உதாரணம் சொன்னேன். ஸ்டோரேஜ் என்பது ஐஸ் பெட்டி. ரேம் என்பது மீனை எடுத்துப் பரப்பி வைக்கும் பலகை. பிராசசர் என்பது வெட்டிக் கொடுக்கும் கை. பலகை சிறிதாக இருந்தால் ஒன்றை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை வெளியே எடுக்க முடியும். வாட்ஸ்அப்பிலிருந்து பணம் அனுப்பும் ஆப்புக்குப் போய்த் திரும்பி வந்தால் வாட்ஸ்அப் முதலிலிருந்து திறப்பது இதனால்தான். இன்றைக்கு 6 ஜிபி ரேமுக்குக் குறைவாக வாங்க வேண்டாம், 8 கிடைத்தால் நல்லது. '8 + 8' என்று விளம்பரத்தில் இருந்தால் இரண்டாவது 8 உண்மையான பலகை இல்லை, ஐஸ் பெட்டியில் ஒரு மூலையை ஒதுக்கிப் பலகையாகப் பயன்படுத்துவது. அதன் வேகம் மிகக் குறைவு. ஒப்பிடும்போது முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் பெட்டியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 128 ஜிபி என்பது பெட்டியின் கொள்ளளவு. அதன் வாய் எவ்வளவு அகலம் என்பதைச் சொல்வது இஎம்எம்சி, யுஎஃப்எஸ் என்ற வகைப் பெயர்கள். இஎம்எம்சி பழைய வகை, குறுகிய வாய். யுஎஃப்எஸ் 2.2 அதைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாகத் தகவலை எடுத்துத் தரக்கூடியது. குறைந்த விலை போன் ஒரு வருடத்தில் இழுக்க ஆரம்பிப்பதற்கு இந்தக் குறுகிய வாயும் ஒரு காரணம். போனின் அட்டைப் பெட்டியின்மேல் பெரும்பாலும் இதைப் போட மாட்டார்கள், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் விவரப் பட்டியலில் பார்க்கலாம்.

பிராசசருக்கு அன்டுடு, கீக்பெஞ்ச் என்று மதிப்பெண் போடும் ஆப்கள் இருக்கின்றன. நல்ல அளவுகோல்தான். ஆனால் இரண்டு போனுக்கும் ஆப்பின் ஒரே பதிப்பில் எடுத்த மதிப்பெண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். பதிப்பு மாறினால் மதிப்பெண் கணக்கே மாறிவிடும். அதோடு, அந்த மதிப்பெண் சில நிமிட ஓட்டத்தில் கிடைப்பது. விசைப்படகு எஞ்சினை முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டுவது ஒன்று, மதியம் வரை இழுவலையோடு ஓட்டுவது வேறு. போன் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏற்றுவதையும் நிறுத்தும். சித்திரை வெயிலில் தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ கையில் பிடித்தபடி வீடியோ காலில் பேசியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் விமர்சன வீடியோ பார்க்கும்போது அரை மணி நேரம் விளையாடிய பிறகு வேகம் எவ்வளவு குறைந்தது என்று சொல்கிறார்களா என்று பாருங்கள். அக்காவுக்கு விளையாட்டு இல்லை, அதனால் நாங்கள் இதில் நேரம் செலவழிக்கவில்லை. பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் தருவார்கள் என்பதை மட்டும் கேட்டோம். பணம் அனுப்பும் போனில் இதை விட்டுவிடக் கூடாது.

பேட்டரியில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் மச்சான் கடலுக்குப் போகிறவர். காலையில் விசைப்படகில் போனால் மறுநாள் காலை திரும்புவார். கரையில் இருக்கும்போது இரவு வரை வரும் அதே போன், கடலில் மாலைக்குள் அணைந்துவிடும். போன் கெட்டுவிட்டது என்றே நினைத்திருந்தார். கெடவில்லை. டவர் தூரமாகிப் போகப் போக போன் அதற்குக் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிப் பேச வேண்டியிருக்கிறது. சிக்னல் முழுதாகப் போனபின் விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். பேட்டரியைக் குடிப்பது இதுதான். படகு கரையை விட்டுத் தள்ளிப் போனதும் ஃபிளைட் மோட் போடச் சொன்னேன். ஜிபிஎஸ் அதிலும் வேலை செய்யும், ஏனென்றால் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள் அனுப்புவதை போன் கேட்கிறது, அவ்வளவுதான். பதில் எதுவும் அனுப்புவதில்லை. வரைபடத்தை மட்டும் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கடல் எல்லை விஷயத்தில் போனை நம்பி நிற்கக் கூடாது, படகில் இருக்கும் கருவிதான் முதல், போன் துணைக்கு.

இதிலிருந்து வாங்குகிறவர் புரிந்துகொள்ள வேண்டியது இது. 5,000 எம்ஏஎச், 6,000 எம்ஏஎச் என்பது டீசல் டேங்கின் அளவு. மைலேஜ் வேறு கணக்கு. சிறிய அளவில் வடித்த புது பிராசசர், அதாவது 6 நானோமீட்டருக்குப் பதில் 4 நானோமீட்டர் என்று போட்டிருப்பது, பொதுவாக அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் செய்யும். திரை 120 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பித்தபடி ஓடினால் 60 ஹெர்ட்ஸைவிட அதிகம் குடிக்கும். வெயிலில் திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றினால் இன்னும் அதிகம். அதனால் 6,000 உள்ள போன் 5,000 உள்ளதைவிடக் கட்டாயம் அதிக நேரம் வரும் என்று சொல்ல முடியாது. விமர்சனங்களில் 'ஸ்கிரீன் ஆன் டைம்', அதாவது ஒரு சார்ஜில் திரை எரிந்த நேரம், எத்தனை மணி என்று சொல்வார்கள், அதை ஒப்பிடுங்கள். அதிலும் வீட்டு வைஃபையில் வீடியோ ஓட்டிப் பார்த்த கணக்கா, மொபைல் டேட்டாவில் வெளியே அலைந்த கணக்கா என்று கவனியுங்கள். நம்முடையது இரண்டாவது.

இன்னொரு எளிய வழி, பழைய போனின் செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்து எது எவ்வளவு தின்கிறது என்று பார்ப்பது. அக்காவின் போனில் திரைதான் முதலில் நின்றது. காலை முழுக்க வாசலில், வெயிலில், முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறாள். அப்படியானால் அவளுக்குப் பேட்டரியும் திரையும் ஒரே கேள்வி. கடையில் இரண்டு போனையும் வெயிலில் பிடித்து, எழுத்தைப் படிக்க எதில் குறைந்த வெளிச்சமே போதுமானதாக இருக்கிறது என்று பார்த்தோம். இப்படிக் கேட்டவர்களைக் கடைத் தம்பி இதற்கு முன் பார்த்ததில்லை போல, அவரும் கூடவே வெளியே வந்து நின்று பார்த்தார்.

சார்ஜ் வேகம் பற்றி ஒரு வார்த்தை. 33 வாட், 67 வாட் என்பவை ஆரம்ப வேகம். பேட்டரி நிறைய நிறைய வேகம் தானாகக் குறையும், கடைசி 20 சதவீதத்துக்கு நேரம் பிடிக்கும். 'முழுதாக ஏற எத்தனை நிமிடம்' என்பதைக் கேளுங்கள். சார்ஜர் பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் கேளுங்கள், இப்போது பலவற்றில் இருப்பதில்லை. இரவு முழுக்கச் செருகி வைப்பதைவிட, வெயிலில் சார்ஜ் போடுவதுதான் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது.

மூன்றும் பார்த்தாயிற்று. ஆனால் நம் கரையில் இருப்பவர்கள் நான்காவதாக ஒன்றைப் பார்த்தாக வேண்டும். கீழக்கரையோ மூக்கையூரோ, உப்புக் காற்று எல்லா இடத்திலும் ஒன்றுதான். தூசியையும் தண்ணீரையும் போன் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் குறி ஐபி. ஐபி 68 என்றால் தண்ணீரில் முங்கினாலும் தாங்கும் என்று விற்கிறார்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், ஆய்வகத்தில் செய்வது. கடல் தண்ணீருக்கு அந்த உறுதி கிடையாது. ஐபி 64 என்றால் தெறிக்கும் நீருக்கு மட்டும். உப்பு ஈரத்தோடு சார்ஜ் வாயில் கேபிளைச் செருகினால் உள்ளே பச்சை பூத்துவிடும், அப்புறம் கேபிளை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். ஒரு பிளாஸ்டிக் உறை இதற்குப் போதும். தண்ணீர் பட்டு போன் கெட்டால் வாரன்ட்டி கிடைக்குமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மறந்துவிட்டேன், ரேடியோ. பாம்பனில் 2016 முதல் ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 எங்கள் வீடுகளில் ஓடிக்கொண்டே இருக்கும். போனில் எஃப்எம் கேட்க ஹெட்போன் வயர்தான் ஆன்டெனா. புது போன்கள் பலவற்றில் அந்தத் துளையும் இல்லை, எஃப்எம்மும் இல்லை. இணையம் எட்டாத இடத்தில் ரேடியோ மட்டும்தான் பேசும் என்பதால் மீனவர் வீட்டுக்கு போன் வாங்கும்போது நான் இதைக் கட்டாயம் பார்ப்பேன்.

அக்கா 50 மெகாபிக்சல் போனைத்தான் எடுத்தாள். அதில் ஹெட்போன் துளை இருந்தது. மறுநாள் காலை முதல் படத்தை வெயிலில் எடுக்கவில்லை. வீட்டுக்குள், அதே டியூப் லைட்டுக்குக் கீழே, அதே வெள்ளைத் தாளில் நெத்திலியைப் பரப்பி எடுத்து, மஞ்சள் என்று சொன்ன அந்த மதுரைக்காரருக்கு அனுப்பினாள். படம் தெளிவாகப் போக வாட்ஸ்அப்பில் எச்டி பட்டனைத் தட்ட மறக்கவில்லை. பழைய போன் மச்சானிடம் போய்விட்டது. உறைக்குள் போட்டு, ஃபிளைட் மோடில், படகின் மேல்தட்டு அறையில் தொங்குகிறது.